பண்பு உண்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் சொந்தப் பெயர் அந்தத் தெருவில் புழக்கத்தை விட்டுப்போய் ஒரு வருஷமாகிறது. 'பண்பாளர்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பட்டத்துக்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள்.

பதினோரு வருஷம் பனி கொட்டுகிற தேசத்தில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். அங்கே ஒருமுறை ரத்த தானம் செய்யப் போனார். பல நாட்டுத் தொழிலாளர்கள் வந்துபோகும் இடம் என்பதால் பரிசோதனை முடிவை அவரவர் மொழியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய தாளில் 'அரிவாள் அணுப் பண்பு: உண்டு' என்றிருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் அது நோய். ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியா வந்தாலும் பெரும்பாலும் முற்றுவதில்லை. மெக்கானிக்கின் காதோ 'வந்தாலும்', 'பெரும்பாலும்', 'முற்றுவது' எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, 'மலேரியா இல்லை' என்பதை மட்டும் உள்ளே விட்டது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மைத்துனனின் ஜெராக்ஸ் கடையில் அதை லேமினேட் செய்தார்.

"என்ன மாமா இது, நன்னடத்தைச் சான்றிதழா?"

"படிச்சுப் பாரு மச்சான். பண்பு உண்டுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. உனக்கு யாராவது அப்படி எழுதுவாங்களா?"

"அரிவாளும் உண்டுன்னு போட்டிருக்கே. போலீஸ்காரங்க கண்ணுல பட்டுடாம பார்த்துக்கோங்க."

கடையில் நின்றிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பட்டம் தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

மழை விட்டதும் சுகாதாரத் துறை வண்டி வீட்டுக்கொரு கொசுவலை கொண்டுவந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பல்லில் கடித்த நூலோடு அவர் மனைவி வாங்க ஓடிவந்தாள். பண்பாளர் குறுக்கே நின்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

"எங்க வீட்டுக்கு வேண்டாம்மா. இல்லாதவங்களுக்குக் குடுங்க."

வலை கொடுத்த பெண் அட்டையைப் பார்த்தாள். "இது உங்களுக்குத்தானே சார்? வீட்டுல மத்தவங்களுக்கு?"

"நான்தான் குடும்பத் தலைவர்."

"நான் உங்க கையைத்தான் பிடிச்சேன், ரத்தத்தையா பிடிச்சேன்?" என்றாள் மனைவி. ஆனால் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

மூன்றாவது வாரம், ஆறு மாடிக் கட்டடமொன்றில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்பானர் இரும்பில் பட்டு டகடகவென்று அடித்தது.

கதவருகே காத்திருந்த காவலாளி அண்ணாந்து கத்தினார்: "என்னய்யா சத்தம்? கயிறு அறுந்துடுமா?"

"கயிறு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் ஆடுறேன்."

உச்சி வெயிலில் கம்பளி ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வந்து படுத்தவரின் நெற்றியை மனைவி தொட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட போகலாம், எழுந்திரிங்க."

"ஒண்ணுமில்ல. அங்கே பதினோரு வருஷம் வாங்கின குளிர் இப்பத்தான் வெளியே வருது."

காய்ச்சலைவிட அவருக்குப் பெரிய பயம் வேறு. மலேரியா என்று தெரிந்தால் தெரு என்ன சொல்லும்? மனைவி நினைத்தது வேறு ஒருவரை. பக்கத்துத் தெருவில் ஒருவர் இப்படித்தான் தள்ளிப்போட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"சரி, படுத்திருங்க. பண்பாளருக்குக் காய்ச்சல்னு வீடு வீடா சொல்லி நாலு பேரைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போறேன்."

அவள் செருப்பை மாட்டுவதற்குள் பண்பாளர் வாசலில் நின்றார்.

டாக்டரம்மா அட்டையை வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். மலேரியாவேதான். ஒரே வீடு என்பதால் மனைவிக்கும் பார்த்தார். அவள் ரத்தத்திலும் கொஞ்சம் கிருமி இருந்தது.

"உங்களுக்குக் காய்ச்சலே அடிக்கலையா?"

"ரெண்டு நாளா உடம்பு வலி டாக்டரம்மா. தையல்காரிக்கு அது வராத நாள் எது?"

பண்பாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அட்டை என்கிட்ட இருக்கு, காய்ச்சல் மட்டும் அவளுக்கு இல்லையா? இது என்ன நியாயம்?"

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? லிஃப்ட்டுக்கு பிரேக் எதுக்கு?"

"கீழே விழாம பிடிக்க."

"யாரும் உள்ளே ஏறாம தடுக்குமா?"

"அது எப்படித் தடுக்கும்?"

"உங்க பண்பும் அப்படித்தான். கிருமி ஏறும். அதலபாதாளத்துக்குப் போகாம பெரும்பாலும் பிடிச்சுக்கும். அதை நம்பி மாத்திரையை விட்டுடக் கூடாது." பிறகு மனைவியைக் காட்டினார். "இவங்க பிறக்கும்போது எதுவும் கொண்டு வரல. ஆனா சின்னதுலேருந்து கடி வாங்கி, காய்ச்சல்ல விழுந்து எழுந்து, இவங்க உடம்பு கொஞ்சம் கொஞ்சமா பாடம் படிச்சிருக்கு. உங்க உடம்பும் படிச்சதுதான். பதினோரு வருஷம் கொசுவையே பார்க்காம மறந்துடுச்சு. இவங்க பாடமும் முழுக் காவல் இல்ல. ரெண்டு பேரும் மாத்திரையை முடிக்கணும், வலைக்குள்ள தூங்கணும்."

"அப்ப இவளுக்கும் பண்பு உண்டா?" என்றார் மெக்கானிக், குரல் இறங்கி.

"பண்பு இல்ல, பொறுமை."

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டரம்மா," என்றாள் மனைவி. "தம்பி கடையில லேமினேட் பண்ணணும்."

மாத்திரை முடிந்த மறுநாள், தெருமுனையில் நின்ற சுகாதார வண்டிக்கு முன்னால் மொத்தத் தெருவும் பார்க்க வரிசையில் நின்றார் பண்பாளர். கை பழக்கதோஷத்தில் சட்டைப்பைக்குப் போய், பாதியிலேயே திரும்பி வந்தது.

"வேண்டாம்னீங்களே சார்?" அதே பெண்தான். "இப்ப யாருக்கு?"

பண்பாளர் பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"குடும்பத் தலைவருக்கு."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, பெரிய வலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டது.