டிரைவரை வெளியே கொண்டுவந்த கேள்வி

மூணாங்கிளாஸோடு நின்றவன் நான். ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத்தார் வியாபாரத்தில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. போன மாசம் என் லாரி டிரைவர் முருகனை, விசாரணை என்று சொல்லி ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். "என் பேரைச் சொல்லுடா, விட்ருவாக" என்று போனில் அதட்டினேன். சொல்லியிருக்கிறான். "யாருடா அது?" என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

தெரிந்த பெரிய மனுசங்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. மறுநாளும் அவனை விடவில்லை. அவன் சம்சாரம் கைப்பிள்ளையோடு வந்து என் வாசலில் அழுதது. அப்புறம்தான் பெரியகுளத்திலிருந்து ஒரு வக்கீலம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

அந்தம்மா அதட்டவே இல்லை. "கைதுன்னா காரணத்தைச் சொல்லுங்க. ஒரு நாளைக்குள்ள கோர்ட்ல நிறுத்தியிருக்கணுமே, ஏன் நிறுத்தல?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரத்தில் முருகனை அனுப்பிவிட்டார்கள்.

"எப்படி தாயி விட்டாக?" என்றேன்.

"அது அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமைங்கய்யா. உங்களுக்கு எவ்வளவோ, முருகனுக்கும் அவ்வளவுதான்."

எனக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது.

இப்போது வேலைக்கு வருகிற எல்லாரிடமும், "புடிச்சா காரணம் கேளு, வக்கீல் வேணும்னு சொல்லு" என்கிறேன். அதுக்கப்புறம் வேண்டுமானால் என் பேரையும் சொல்லிக்கொள்ளட்டும்.