கேமரா போடுவதற்கு முன் சொன்னது

எங்கள் திருச்சபைப் பத்திரிகையில் மாதாமாதம் ஒரு தொடர்கதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரி, கொலை, ஜெபம் மூன்றும் கலந்த கதை. ஒரு மருந்துக் கம்பெனி ஏழைகளுக்குத் தெரியாமல் அவர்கள் உடம்பில் புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் ஒருவர் அதற்கு உடந்தை. ஜெபிக்கிற இளம் டாக்டர் ஒருத்தி அவரைத் துரத்திக்கொண்டே இருப்பாள். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாவி எப்பங்க மாட்டுவான்?" என்று கேட்பார். "அடுத்த மாசங்க" என்பேன். மூன்று வருடமாக அடுத்த மாசம்தான்.

கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை மதியம். மற்ற ஆறு நாளும் மருந்துச் சோதனைதான் என் பிழைப்பே. சிரிக்காதீர்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின ஓர் அறை, அதில் நான். நர்ஸாக இருபது வருடம் நின்று நின்று கால் நரம்பு சுருண்ட பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று இதைக் கொடுத்தார்கள். உட்கார்ந்ததுதான் மிச்சம். சம்மதிக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கி, மாத்திரை கொடுத்து, மாதம் ஒருமுறை வரச்சொல்லி, அவர்களுக்கு வந்த ஒவ்வொரு தலைவலியையும் தாளில் ஏற்ற வேண்டும். ஒரு தலைவலிக்கு நாலு தாள். என் டாக்டர் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை. டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டுவந்து சாப்பிடுகிற சாது. கதைக்கு உதவவே மாட்டார்.

போன வருடம் வந்தது சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கான மாத்திரை. சம்மதப் படிவம் இருபத்திரண்டு பக்கம். கேமரா போட்டு, நோயாளியையும் என்னையும் ஒன்றாகப் படம்பிடித்து, ஒரு பக்கம் விடாமல் வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினொன்றாம் பக்கத்தில் மயக்கம் வரலாம், கீழே விழலாம், வண்டி ஓட்டக் கூடாது, உயரத்திலோ தண்ணீர் ஓரத்திலோ தனியாக வேலை செய்யக் கூடாது என்று வரும். அங்கே வந்ததும் எதிரில் இருக்கிறவர் முகம் மாறும். அடுத்த நிமிடம் எழுந்து போய்விடுவார். மறுபடி முதலிலிருந்து இன்னொருவர். தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கேமரா போடுவதற்கு முன், தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஊர் பேர் விசாரித்து, அப்படியே சொல்லிவிடுவேன்: "இதெல்லாம் சட்டத்துக்காகப் படிக்கறதுங்க. ஒண்ணும் ஆகாது." அவ்வளவுதான். பொய் என்று தோன்றியதே இல்லை. ஊசி போடும்போது வலிக்காது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒருவர்கூட எழுந்து போகவில்லை. திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டுகிறவர், நான் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போதே பேனாவைத் திறந்துகொண்டு, "எங்கீங்க சிஸ்டர் கையெழுத்து?" என்றார். கேமராவில் பார்த்தால் எல்லாம் சுத்தம். சோதிக்க வந்த அதிகாரிகள் பார்த்துவிட்டு, இந்த ஆஸ்பத்திரியில்தான் ஒழுங்காக விளக்குகிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். மஞ்சளும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிற குடும்பம். ராத்திரியெல்லாம் பாதம் எரிகிறது, ஈரச் சாக்கை மிதித்துக்கொண்டுதான் தூக்கம் என்றார். அவரிடமும் என் வாசகத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேனுங்க."

போச்சு, இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குலசாமி கருப்பனார் கோவிலில் பூக் கேட்டாராம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் வைத்து, மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு நிற்க, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பெண் பார்க்க, கிணறு வெட்ட, எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் இது உண்டு.

"வெள்ளை வந்துருச்சுங்க அம்முணி" என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

கேமரா முன்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கமும் தலையாட்டினார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற பக்கத்துக்கும் தலையாட்டினார். நான் டாக்டரிடம் போய், "சாமியே சம்மதம் குடுத்துட்டாருங்க டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் மாதம் வந்தார், நலம். நாங்கள் கொடுத்த நாட்குறிப்பில் தினமும் 'நலம்' என்று எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதியிருந்தார். இரண்டாம் மாதமும் நலம். முழங்கையில் மட்டும் பெரிய சிராய்ப்பு. என்னவென்று கேட்டேன். "ஆட்டுக்குட்டி இடிச்சுப்போட்டுதுங்க" என்றார். ஆட்டுக்குட்டி இடித்தால் அப்படியா சிராய்க்கும்? எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆட்டுக்குட்டி என்றதும் என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் மறக்க முடியவில்லை. நாலு தாள் மிச்சம். நலம் என்று எழுதி மூடினேன்.

மூன்றாம் மாதத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை போன் வந்தது. அவர் மருமகள்.

"சிஸ்டருங்களா? எங்கத்தைக்குத் தெரியாமப் பேசறேனுங்க. மாத்திரை சாப்புட்டதுல இருந்து நாலு தடவை உழுந்துட்டாங்க. இன்னிக்கு மோட்டார் போடப் போனவங்க கெணத்து மேட்டுலயே உழுந்துட்டாங்க. கம்பித் தூண்ல இடிச்சு நின்னதால பொழைச்சாங்க. உங்ககிட்டச் சொன்னா மாத்திரைய நிறுத்திப்புடுவீங்கன்னு சொல்ல வேண்டாங்கறாங்க."

அந்தப் பக்கத்துக் கிணறுகளை நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர் கிடையாது. எட்டிப் பார்த்தால் பாறைதான், அடியில்தான் தண்ணீர். டாக்டரிடம் ஓடினேன். "இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க, நாளைக்கு நான் பாக்கணும்" என்றார் ஒரே மூச்சில். என் கதையில் இந்த இடத்தில் பெரிய டாக்டர் கதவைச் சாத்துவார், மிரட்டுவார். இவர் பாவம், பாதித் தயிர்சாதத்தோடு எழுந்து நின்றார்.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். மாட்டேன் என்றார்.

"கருப்பனார் குடுத்த வாக்குங்க. நானா நிறுத்துனா குடும்பத்துக்கு ஆவாது. எரிச்சல் கொறைஞ்சுதானே இருக்குது, உழுந்தா எந்திரிச்சுக்கறேன்."

இருபத்திரண்டு பக்கம் அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். விலகுவதற்குச் சாமியிடம் உத்தரவு வாங்க வேண்டியவருக்கு என்ன செய்வது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாகப் பஸ் ஏறினேன். ராசிபுரத்தில் இறங்கி மாறி, நாமகிரிப்பேட்டை போய், அங்கிருந்து ஆட்டோ. வெயில் ஏறிவிட்டது. நெற்றியில் கட்டுடன் அவர் களத்தில் உட்கார்ந்திருந்தார். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் ஒரே ஒரு விஷயத்துக்கு இறங்கி வந்தார்.

"சாமிகிட்டயே மறுபடி கேட்டுரலாங்க. வெள்ளை வந்தா நிறுத்திப்போடறேன்."

போனோம். மருமகளும் கூட வந்தாள். பூசாரியைத் தேடிப் பிடித்து, பூப் பறித்து, பொட்டலம் மடித்தார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஞானஸ்நானம் எடுத்து, சபைப் பத்திரிகையில் கதை எழுதுகிறவள், கருப்பனார் கோவில் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு, "யேசப்பா, வெள்ளைப் பூ வரணும், வெள்ளைப் பூ வரணும்" என்று ஜெபித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக ஜெபித்ததில்லை. யாராவது சபையார் பார்த்திருந்தால் என்னை விலக்கி வைத்திருப்பார்கள்.

சிவப்பு வந்தது.

அந்த அம்மா சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். "பாத்தீங்களா அம்முணி, தொடரச் சொல்லுது" என்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை. பயம்தான் இருந்தது. அவருக்கும் கிணற்று மேடு தெரியாதா என்ன? பயத்தோடு மாத்திரையை விழுங்கத்தான் போகிறார். நாளைக் காலையும் மோட்டார் போடத்தான் போகிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். அவரும் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, முதல் தடவை சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"ஒண்ணும் ஆவாதுன்னு சிஸ்டரம்மா சொல்லுது, போலாமான்னு கேட்டேன்."

"மயக்கம் வரும், கீழ உழலாம், கெணத்துப் பக்கம் தனியாப் போகக் கூடாதுன்னெல்லாம் அதுல எழுதியிருக்குதுங்க. நான் அதை வாசிச்சேன். ஆனா வாசிக்கறதுக்கு முன்னாலயே, அது சும்மா சட்டத்துக்குன்னு சொல்லி உங்க காதை நான்தான் அடைச்சேன். ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க சாமிகிட்டக் கேட்டது என் பொய்யை வெச்சுத்தானுங்க."

மருமகள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவள்தான். அந்த அம்மா மட்டும் சாமி இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"அப்ப நான் கேட்டதே கேள்வி கெடையாதுங்களே" என்றார் மெதுவாக. "ஒண்ணும் ஆவாதது ஒண்ணுக்குச் சாமி போன்னு சொல்லுச்சு. இந்த மாத்திரைக்குச் சொல்லல. இன்னிக்குக் கேட்டதும் அந்த வாக்கை வெச்சுக்கிட்டுக் கேட்டதுதானே. ரெண்டும் செல்லாது."

மருமகளிடம் திரும்பி, "ஊட்டுக்குப் போயி அந்த டப்பாவை எடுத்தாந்து இவங்ககிட்டக் குடுத்துரு கண்ணு" என்றார். மருமகள் ஓடினாள். நான் அந்த மண்ணிலேயே குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிழைத்தார், போதும் என்று இருந்தது. என்னை வேலையைவிட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

அவர் கையை உருவிக்கொண்டார்.

"ஏன் அம்முணி, இந்த வார்த்தைய என்றகிட்ட மட்டுந்தான் சொன்னீங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து நெற்றிக் கட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்ப இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றார்.

டப்பாவை வாங்கிக்கொண்டு, அவரையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். அவரைப் பரிசோதித்து அனுப்பிய பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முதல் வார்த்தை, "ரெக்கார்டிங் எல்லாம் சரியாத்தானே இருக்கு சிஸ்டர்?" என்பதுதான். "சரியாத்தாங்க டாக்டர் இருக்கு. நான் சொன்னது அதுக்கு முன்னால" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. "எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்க?" என்றார். "எல்லார்கிட்டயும்" என்றேன். பேனாவை எடுத்து, "சோதனைக்கு அனுமதி குடுத்த கமிட்டிக்கு நான் எழுதறேன். நீங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிடுங்க, இப்பவே" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தேன். எங்கள் பத்திரிகையிலிருந்து கடைசி அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டுச் செய்தி வந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பட்டியலை எடுத்தேன். பத்தொன்பது பேர். முதல் பெயர் திருச்செங்கோட்டுக்காரர், பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். நம்பரைப் போட்டேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தார். காற்றும் இரைச்சலும் காதை அடைத்தன.

"சொல்லுங்க சிஸ்டர்" என்று கத்தினார். "வண்டியிலதான் இருக்கறேன். பைபாஸ்ல போயிக்கிட்டு இருக்கறேனுங்க."

"ஏனுங்க," என்றேன், "முதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க."