நடு நாற்காலிக்கு எட்டாத பேஸ்

“…வார்த்தைங்கதான் எனுக்கு எப்பவோ பூட்ச்சி. தொம்மு தொம்முனு அது ஒண்ணுதான் தம்பி மிச்சம் கெடந்துச்சி. அதுவும் பூட்ச்சா?”

கேட்டவர் கல்யாணப் பெண்ணின் அப்பா. புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன மண்டபம். சாயங்காலம் அவர் மகளுக்கு வரவேற்பு. மத்தியானமே முன்வரிசையின் நட்டநடு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவருக்கு அதுதான் இடம்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் முப்பது வருஷம் கல் அறுக்கிற மெஷின் பிடித்தவர். “மெஷினு துன்னுட்ட காது” என்பார் அவர் மனைவி. பேச்சு விழாது, பாட்டு விழாது, தொம்மென்ற அடிச்சத்தம் மட்டும் விழும். போன வாரம் செங்கல்பட்டில் என் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு வந்து, அந்த அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற ஒரு பேஸ் பெட்டியின் முன்னால் நின்று, “கேக்குது! கேக்குது!” என்று சிரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார். பேஸ் வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. “நெஞ்சுல குத்தணும்” என்பார்கள், “டம்ளர்ல தண்ணி ஆடணும்” என்பார்கள். இவர்தான், “எம் பொண்ணு மேடை ஏறசொல்ல எனுக்கு எதுனா ஒண்ணு கேக்கணும்” என்றார்.

அதே பெட்டிதான், இன்று ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் மிச்சக் காதும் போய்விட்டது என்று அவர் நினைத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தத்தை ஏற்றினேன். மண்டபத்து மேனேஜர் ஓடி வந்தார்.

“இன்னாபா, ஜன்னலு கண்ணாடி பேத்துக்கினு வந்துரும் போலகீது!”

சுவரோரமாகப் பூத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பினார்.

“ஆமாண்ணே, இங்க வயித்தக் கலக்குது. அவுரு குந்திகினுகீற எடத்துலதான் ஒண்ணியும் காணோம். நாங்கூட நின்னு பாத்தேன்.”

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்தத் தொம்மு கேட்கவில்லை.

தப்பு என் கையில்தான். ஆயுத பூஜைக்குப் பெட்டிகளைத் துடைத்துப் பொட்டு வைப்போம். அதன் பிறகு அவற்றில் கால் படக்கூடாது என்று, மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, துவாரபாலகர் மாதிரி பெஞ்சுமேல் ஏற்றி வைப்பது எங்கள் வழக்கம். இந்தப் பூஜைக்கு ஒயரும் புதிதாக நானே சால்டர் வைத்தேன். ஒன்றில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. ஒரு பெட்டி காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் சந்திக்கிற நட்டநடுவில் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிட்டது. கடையில் அவர் ஒரே பெட்டி முன்னால் நின்றதால் தெரியவில்லை.

ஒயரை மாற்றினேன். பெட்டிகளை இறக்கி, மேடை மூலையில் இரண்டையும் சேர்த்துத் தரையோடு தரையாக ஒட்டி வைத்தேன்.

“பொட்டு வெச்சத கீழ வெக்கலாமாண்ணே?” என்றார் அவர் மனைவி.

“வெச்சாதாங்கா தரையும் சேந்து பேசும்.”

போட்டேன். நடு நாற்காலி அதிர்ந்தது. அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

“வெரலு காட்றதெல்லாம் வாணாம். வூட்ல எல்லாரும் எனுக்கு அப்டிதான் காட்டிகினுகீறாங்க. நான் கண்ண மூடிக்கிறேன். நீ போடு, நிறுத்து. கேட்டா கை தூக்கறேன்.”

நாற்காலியைத் திருப்பி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். போட்டேன், கை உயர்ந்தது. நிறுத்தினேன், இறங்கியது. மூன்று தடவையும் சரி. அவர் மனைவி சிரித்தே விட்டார்.

“இவ்ளோ சத்தம் சாய்ங்காலம் ஆவாதுபா,” என்றார் மேனேஜர். “பின்னாடியே ஆஸ்பத்திரி. பாதிக்குக் கொறச்சிக்கோ.”

குறைத்தேன். அதே பாட்டைப் போட்டேன்.

முழங்கால்மேல் இருந்த கை அங்கேயே இருந்தது. மனசுக்குள் பத்து எண்ணினேன். பல்லவி முடிந்து சரணம் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் எப்போது போடுவேன் என்று அவர் காத்திருந்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் அவரே கண்ணைத் திறந்து திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பாட்டுக்குத் தக்கபடி என் மிக்சரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகளைப் பார்த்தார். எழுந்து, அந்த நடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். பெட்டிகளை ஒட்டிப் போட்டு, அவற்றின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.