தை பிறக்கும்வரை கிடந்த மஞ்சள் உறை

ஜெர்மனியின் எசன் நகரில் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் விசா வழக்கோடுதான் வந்தார்கள். அது என் வேலை இல்லை என்றால் முகம் சுளிப்பார்கள். எந்தத் தெருவில் வீடு இருக்கலாம், எங்கே பட்டறை மட்டும் இருக்கலாம் என்று நகரசபை வகுத்த விதிகளோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. அலுப்பான சட்டம். ஆனால் அதிலும் ஆட்கள் வீட்டை இழப்பார்கள்.

ஒரு புருஷன் பெண்சாதி; அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொண்டாட்டங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள். பொரிக்கிற மணம் என்று அயலவர்கள் முறைப்பாடு செய்தே மூன்று வாடகை வீடுகளை விட்டு வந்தவர்கள். கடைசியில் தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய பட்டறையை வாங்கினார்கள். கீழே சமையல், மேலே குடியிருப்பு. சுற்றிவர டயர்க் கடையும் இரும்புக் கடையும். மணத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. அக்கா முதன்முறையாக யன்னலைத் திறந்து வைத்து மிளகாய் வறுத்தா.

ஒரு டிசம்பரில் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, நகரசபையால கடிதம் வந்து கிடக்கு. மேல்மாடியில குடியிருக்கக் கூடாதாம். வழக்கை நீங்கதான் பாக்கவேணும்."

"வாங்கோ அண்ணை. எப்ப வாறியள்?"

"மார்கழி பிறந்திட்டுதெல்லே. பீடை மாசத்தில கையெழுத்து வைக்க இவ விடமாட்டா. பொங்கலுக்கு அடுத்த நாள் வாறம்."

நான் சிரித்தேன். "அக்கா சொன்னால் மீற ஏலாதுதானே. தை பிறக்க வாங்கோ."

அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

பொங்கலுக்கு அடுத்த நாள், ஒரு சட்டியில் சர்க்கரைப் பொங்கலோடு இருவரும் வந்தார்கள். கடிதத்தைச் சாமித்தட்டில் வைத்திருந்தார்கள். மஞ்சள் உறையில் சந்தனம் பூசியிருந்தது. அதன் கீழே, கடிதத்தைக் கொடுத்த அன்று தபால்காரர் பேனாவால் எழுதிய தேதி. அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபனை கொடுத்திருக்க வேண்டும். நாலு நாள் பிந்திவிட்டது.

"நாலு நாள்தானே பிள்ளை," என்றார் அண்ணை. "ஜெர்மன்காரர் நத்தார்ப் பண்டிகையெண்டு ரெண்டு கிழமை நகரசபைக் கந்தோரைப் பூட்டுறாங்கள். அதைக் கழிச்சுப் பாருங்கோ."

"கழிக்க மாட்டாங்கள் அண்ணை."

அக்கா சட்டி மூடியைப் பிடித்தபடியே கேட்டா: "அப்ப மார்கழியிலயே வந்திருந்தா?"

"வழக்கை வெண்டிருக்கலாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மை அதுதான். தொழிற்பேட்டையில் தொழில் நடத்துகிறவர் அந்தத் தொழிலுக்காக அங்கேயே குடியிருக்கச் சட்டத்தில் இடமுண்டு. விடியற்காலை அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்கு வந்ததே இல்லை.

பிந்தியதை மன்னிக்கும்படி எழுதினேன். எங்கள் பஞ்சாங்கத்தில் மார்கழி எப்படிப்பட்ட மாதம் என்று ஜெர்மன் மொழியில் விளக்கினேன். அரைப் பக்கத்தில் நிராகரித்தார்கள். கோடைக்குள் அண்ணையும் அக்காவும் மேல்மாடியைக் காலி செய்தார்கள். சமையலறை மட்டும் மிஞ்சியது.

பிறகு ஒருநாள் அவர்களின் புது வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை. அக்கா தேத்தண்ணி தந்தா. வீட்டில் ஒரு மணமும் இல்லை.

"இங்க தாளிக்கிறதில்லை பிள்ளை," என்றா. "கீழ்வீட்டுக்காரி ரெண்டுதரம் ஏறி வந்திட்டா."

யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

"நான்தான் மார்கழி மார்கழியெண்டு நிண்டு கெடுத்தனான். இவர் அண்டைக்கே வரத்தான் நிண்டவர்."

ஜெர்மன் வழக்கறிஞர் எவராக இருந்தாலும் தொலைபேசியில் முதலில் கேட்டிருப்பார்: கடிதம் என்றைக்கு வந்தது? அவருக்கு மார்கழி தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் சிரித்துவிட்டு, கேட்காமல் விட்டேன். எங்கள் ஆள், விளங்கிக்கொள்ளுவா என்றுதான் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

பிழை என்னுடையது என்று அன்று அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி வந்தேன்.