வளைந்த மெழுகுவத்தி

செய்தித்தாளைத் திறந்தாலே சார்ஸ் காய்ச்சல் என்றிருந்த வருடம் அது. கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பினேன். நான் கடலில் இருந்தபோது பிறந்த மகளை இன்னும் பார்க்கவில்லை.

ராயபுரத்தில் என் மாமியார் வைத்ததுதான் சட்டம். கப்பலில் இருந்து வருகிறவன் முதலில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், பிறகுதான் வீட்டு வாசல். பெற்ற பிள்ளையைப் பார்க்க இத்தனை கெடுபிடியா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். கோயில் வாசலில் மெழுகுவத்தியைக் கையில் வாங்கியதும் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. சிங்கப்பூரிலிருந்து சார்ஸைக் கொண்டுவந்துவிட்டேனோ என்று பயந்தேன். மெழுகுவத்தியைப் பையில் செருகிக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டி, வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

தனி வார்டில் போட்டார்கள். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் டாக்டரம்மா விடவில்லை. மூக்கு, தொண்டை, சளி என்று மறுபடி ஆரம்பித்தார்.

"அதான் ஒண்ணுமில்லன்னு வந்துச்சே மேடம். வூட்ல கொயந்த கீது. இன்னும் இன்னாத்த தேடிக்கினு கீறீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள போன கிருமி லட்சக்கணக்குல பெருகும். பெருகும்போது அங்கங்க பிசகும். ஒரே ஆள் உடம்புல இருக்கறதே எல்லாம் ஒரே அச்சா இருக்காது. தொண்டையில சிக்காதது நெஞ்சுல இருக்கலாம். அது எப்படி மாறினாலும் அதிகம் மாறாத ஒரு துண்டு இருக்கும். அதைத்தான் தேடறோம்."

"எங்கம்மாக்கு அஞ்சு பசங்க மேடம். அஞ்சும் அஞ்சு தினுசு. மூக்கு மட்டும் ஒண்ணு."

முகமூடிக்குள் சிரித்தார். "அந்த மூக்கைத்தான் தேடறேன். இருந்தா உங்களைக் குழந்தைக்குப் பக்கத்துல விடமாட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் நானே வாயைத் திறந்து காட்டினேன். எடுத்த சளி மாதிரிகள் எதிலும் சார்ஸ் கிருமி இல்லை. வேறு ஏதோ சளிக் காய்ச்சல் என்று, குணமானதும் அனுப்பிவைத்தார்கள்.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"கோயிலுக்குப் போனீங்களா மாப்ள?"

அந்தக் கேள்விக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். முதல் நாளே கோயிலுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்திருந்தால், கொதிக்கிற உடம்போடு குழந்தையைத்தான் அள்ளியிருப்பேன். அப்படியே கோயிலுக்குத் திரும்பினேன். பையிலேயே கிடந்து வளைந்துபோன மெழுகுவத்தி நிற்கவில்லை. ஏற்றி, உருகி முடியும்வரை கையிலேயே பிடித்திருந்தேன். மாதாவுக்கும் மாமியாருக்கும் டாக்டரம்மாவுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

வீட்டில் மனைவி மகளை என் மடியில் வைத்தாள். நிறம் அவளுடையது, நெற்றி மாமியாருடையது. மூக்கைப் பார்த்தேன். எங்கள் ஐந்து பேர் மூக்கேதான்.