டேஷ்போர்டில் பூஜைப் பொரி

காருக்குள் கேட்கிற வேண்டாத சத்தங்களைத் தேடிப் பிடித்து ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர் சோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டிலும் அந்தக் காது ஓயாது. மிக்ஸி மூடி கடகடத்தால் எரிந்து விழுவேன். மனைவிக்கு மிக்ஸியோடு தகராறு இல்லை, என்னோடுதான்.

புதிதாக வரவிருந்த ஒரு காரின் டேஷ்போர்டு அதிராமலிருக்க, ஓரங்களில் மெல்லிய பஞ்சுப்பட்டை ஒட்டும் யோசனை என்னுடையது. ஆறு மாத உழைப்பு. எங்கள் மேலாளர் அம்மா ஒருமுறை அதில் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு சத்தம் கேட்டாலும் பழைய டிசைனுக்கே திரும்பிவிடலாம் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் நாள் குறித்தார். அதற்கு முந்தின நாள் காலை, நானும் டிரைவரும் வானகரம் பக்கம் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ‘டக்... டக்டக்.’ பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். கிளிப்புகளை மாற்றினேன். சத்தம் போவதாயில்லை. மதியத்துக்குள் என் பட்டையை நானே திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று ஏசியை அணைத்து வைத்திருந்தோம். டிரைவர் ஆவடிக்காரர், என்னைவிடப் பெரியவர். வியர்வை தாங்காமல் ஏசியை முழு வேகத்தில் திருகினார். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் துளையிலிருந்து நாலைந்து பொரி பறந்து வந்து என் மூக்கில் பட்டது.

“இன்னா சார், உள்ள பூஜ பொரி கீது! நீங்கதானே அன்னிக்கி தட்ட இங்க வச்சிங்க?”

நானேதான். மற்ற வண்டிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டோடு சரி. என் வண்டி தேற வேண்டுமே என்ற பக்தியில், இதற்கு மட்டும் பொரித்தட்டை டேஷ்போர்டின் மேலேயே வைத்துக் கும்பிட்டிருந்தேன். அந்தத் துளைக்குள் இடுக்கியை விட்டுத் துழாவியதில், ‘டக்டக்’ என்று உருண்டுகொண்டிருந்த மூன்று பொட்டுக்கடலை கிடைத்தன. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் மேலாளர் அம்மா முன்சீட்டில் ஏறி, கூர்ந்து கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதே ரோடு, அதே குழிகள். ஒரு சத்தமும் இல்லை. ரோட்டின் கடைசிக்கு வந்ததும், அவர் தீர்ப்பு என்னவென்று எட்டிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“எழுப்பட்டா சார்?” என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார்.

“வேணாம்ணே,” என்றேன். “அந்தக் குழியிலயே இன்னொரு ரவுண்டு போங்க.”