சினிமாத் துப்பாக்கிக்கு மருந்து போட்டவன்

சினிமாவில் துப்பாக்கி சுடுகிறவருக்குக் கைதட்டல். அந்தத் துப்பாக்கிக்கு வெடிமருந்து போடுகிறவனுக்கு வசவு. நான் மருந்து போட்டவன். கோயமுத்தூரில் டாக்கி என்ற பேசும் படம் எடுக்க ஆரம்பித்த புதிது. டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில், காட்டுப்பன்றி விரட்டும் தோட்டக்காரர்களின் துப்பாக்கிகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். சண்டைப் படம் எடுக்கும் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் என் பேரில், துப்பாக்கிப் பெட்டிச் சாவி என் இடுப்பில். என் பேச்சுக்கு மட்டும் அங்கே மதிப்பில்லை. பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டுச் சொல்லைக் கேட்காத இடங்களில் வேலை பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணை மூடிய வீரர்

எங்கள் கதாநாயகர் ரத்தினவேலு நாடக மேடையிலிருந்து வந்தவர். குரல் தேன். ஆனால் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் பாம்பைக் கொடுத்த மாதிரி பிடிப்பார். எதிரே கொள்ளைக்காரத் தலைவனாக நிற்பவர் பெருந்துறை மாரப்பன். ஆறடி ஆள், கன்னம் வரை மீசை. எந்தப் படமானாலும் கடைசியில் ரத்தினவேலு கையால் சாவது அவர் வேலை. நிஜத்தில் டீ கொண்டு வருகிறவனைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற மனுஷர்.

முதல் நாள் ரத்தினவேலு இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சுட்டார். புகை கூரைக்குப் போனது. ஏழு தடவை எடுத்தோம், ஏழு தடவையும் அப்படியே. "உள்ளே குண்டு கிடையாதுங்க, வெறும் மருந்துதான். கண்ணைத் தொறந்துக்கிட்டே சுடுங்க" என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க தோட்டாக்காரரே, நான் கண்ணை மூடறது பயத்துலீங்களா? அது பாவமுங்க, முகபாவம்! துப்பாக்கி தொடைக்கறவங்களுக்கு அதெல்லாம் எங்க புரியப்போவுது?"

இரண்டு எஜமானர்கள்

டாக்கியில் படமும் சத்தமும் ஒரே நேரத்தில் பிடிபட வேண்டும். சத்தம் பிடிப்பவர் ஒரு மூடிய அறைக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் வெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து, மருந்தைப் பாதியாகக் குறை என்றார். குறைத்தேன். டைரக்டர் பம்பாயில் வேலை பழகி வந்தவர், முன்கோபி. "என்னய்யா இது, பீடிப் புகை மாதிரி வருது? மருந்தைக் கூட்டு" என்றார். கூட்டினேன். மறுபடி அறைக் கதவு திறந்தது. இப்படிக் காலையிலிருந்து மத்தியானம் வரை. கடைசியில் பொறுக்கமாட்டாமல், இரண்டு பேரும் பேசி ஒரு முடிவாகச் சொல்லுங்கள் என்றேன். சத்தக்காரர் நிதானமாகப் பதில் சொன்னார். "அவருக்கு எவ்வளவு புகை வேணுமோ அவ்வளவு போடு. எனக்கு எவ்வளவு சத்தம் வேணுமோ அவ்வளவு போடு. இதுகூடத் தெரியாம என்ன வேலைக்கு வந்தே?"

உக்கடத்துக் குளக்கரையில்

ஒரு நாள் விடிந்ததும் உக்கடம் குளக்கரையில் வெளிப்புறக் காட்சி. நாலு வேட்டுப் போட்டதும் குளத்துப் பறவைகள் மொத்தமும் எழும்பின. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கொள்ளைக்காரர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். தொப்பி தூரத்தில் தெரிந்ததுமே டைரக்டரும் ரத்தினவேலுவும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அகப்பட்டது நானும் மாரப்பனும். லைசென்ஸ் காகிதமோ ஸ்டூடியோப் பெட்டிக்குள்; அது வந்து சேரும்வரை ஸ்டேஷன்தான்.

ஸ்டேஷனில் நான் போட்ட சத்தம் தெருவரை கேட்டிருக்கும். ஓடிப்போனவர்களை விட்டுவிட்டு, நிற்கிறவனைப் பிடிப்பது என்ன நியாயம் என்று கத்தினேன். மாரப்பனோ கிழிந்த சட்டையும் சிவப்புச் சாயம் வழிந்த நெஞ்சுமாகக் கை கட்டி நின்று, "தப்பா நெனச்சுக்காதீங்க, சினிமாவுக்குத்தானுங்க சுட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொள்ளைக்கார வேஷம் போட்டவன் மரியாதையாப் பேசறான். வேஷமே போடாத உனக்கு ஏன்யா இவ்வளவு வாய்?"

சுண்ணாம்புக் கோடு

இனி எழுதுவதற்குக் கை வரவில்லை; ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பொய்த் தோட்டாவில் மருந்து சிந்தாமலிருக்க மேலே ஒரு கம்பளி வட்டு வைத்து இறுக்குவோம். சுடும்போது அது வெளியே பாயும். தள்ளி நின்றால் ஒன்றும் செய்யாது, கிட்டே நின்றால் சதையைப் பிய்க்கும். கடைசிச் சண்டை எடுக்கும் அன்று ஒரு பூசணிக்காயை வைத்துக் கிட்டே நின்று சுட்டுக் காட்டினேன். கை நுழைகிற ஓட்டை விழுந்தது. மாரப்பன் நிற்கும் இடத்திலிருந்து பன்னிரண்டு அடி அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். "இதைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாதுங்க" என்று ரத்தினவேலுவிடம் மூன்று தடவை சொன்னேன்.

டைரக்டருக்கு எரிச்சல். "படம் பார்க்க வர்றவன் பூசணிக்காயையா பார்க்கப் போறான்? ரெட்டை மருந்து போடு, திரை நிறையப் புகை வேணும்" என்று நாற்பது பேர் முன்னால் கத்தினார். மாட்டேன் என்று சாவியை வீசியிருக்கலாம். வீசவில்லை. அன்று எனக்கிருந்த ஆத்திரத்தில், 'ரெட்டைதானே வேணும், இந்தா' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போட்டேன். கோடு இருக்கிறதே என்று ஒரு தைரியம். காமிரா ஓடியது. ரத்தினவேலு வசனம் பேசிக்கொண்டே முன்னால் வந்தார். கோட்டைத் தாண்டினார். இன்னும் மூன்று எட்டு. சுட்டார். மாரப்பன் மல்லாந்து விழுந்தார். அவ்வளவு நன்றாக விழுந்தார் என்று சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் ஓடினேன். "படத்துக்குள்ளே நுழையாதே!" என்று டைரக்டர் கூவினார். மாரப்பனின் தலையைத் தூக்கினால் இடது கண் இருந்த இடம் தெரியவில்லை, ரத்தம். அவர் அசையாமல் கிடந்தபடியே, உதடு மட்டும் லேசாகத் திறந்து கேட்டார்: "அண்ணா, 'கட்' சொல்லிப்போட்டாங்களா?"

பெரியாஸ்பத்திரி

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி மேனேஜர் டைப் அடித்த காகிதம் ஒன்றோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். யாரையும் கேட்காமல் நானாக மருந்தைக் கூட்டிப் போட்டதால் நடந்த விபத்து என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை. விசாரிக்க வந்த அதே சப்-இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரெட்டை மருந்து போட்டது என் கை என்பதையும் மறைக்கவில்லை. யார் போடச் சொன்னார், யார் கோட்டைத் தாண்டினார் என்பதையும் சொன்னேன். நாற்பது பேரில் ஒருவர்கூடக் கோட்டைப் பார்க்கவில்லையாம். ஸ்டூடியோத் தரையை அன்று சாயங்காலமே கழுவிவிட்டார்கள். விபத்து என்று எழுதி முடித்து, என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள்.

வராந்தாவில் மேனேஜரை மறித்துக் கேட்டேன்: ரத்தினவேலு வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மேனேஜருக்கு என் மேல் உண்மையிலேயே பரிதாபம். தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். "அவரு ஹீரோவுங்க. அவரு கோட்டைத் தாண்டுவாரு. தாண்டாமப் பாத்துக்கறதுக்குத்தானுங்க உங்களைச் சம்பளம் போட்டு வெச்சது."

வெட்டாத துண்டு

வேலை போன பிறகும் ஒரு தடவை டைரக்டரைத் தேடிப் போனேன். மாரப்பன் சுடப்பட்டு விழும் அந்த ஒரு துண்டையாவது படத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அதைப் பார்த்து ஜனங்கள் விசிலடிப்பதை மாரப்பன் வீட்டம்மா பார்க்க வேண்டாம் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "அதை வெட்டினா வில்லன் எப்படிய்யா சாவான்?"

மேடைக்கு வந்தவர்

படம் வெளியான அன்று மாலைக் காட்சிக்கு மாரப்பன் பெருந்துறையிலிருந்து வந்தார். கண் போன பிறகு அங்கே தன் அண்ணன் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். கண்ணுக்கு மேல் வெள்ளைத் துணி. நான் வேண்டாம் என்றேன். "இல்லீங்கண்ணா, நான் பாக்கோணும்" என்றுவிட்டார். கொட்டகை நிறைந்து தரையிலும் இடமில்லை. படத்துக்கு முன்னால் ரத்தினவேலுவுக்கு மேடையில் மாலை போட்டார்கள். படத்தில் நடித்தவர்கள் எல்லாரும் மேடைக்கு வரலாம் என்று யாரோ மரியாதைக்குச் சொன்னார்கள். மாரப்பன் எழுந்து நடந்தார். மீசையைப் பார்த்ததும் ஜனம் அடையாளம் கண்டுகொண்டு ஊளையிட்டது. ஒருவன் வாழைப்பழத் தோலை வீசினான்.

அவர் கும்பிட்டுவிட்டு, துணியை மேலே தூக்கிக் காட்டினார். "நான் சாகற எடம் வரும்போது கொஞ்சம் பாத்துக்கோங்க. அதுல நான் நடிக்கலீங்க. இந்தக் கண்ணு அப்பத்தானுங்க போச்சு. வேற ஒண்ணுமில்லீங்க." அவ்வளவுதான் பேசினார். அந்தக் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் ஓடியது. பாட்டுக்கு ஆரவாரம், குதிரைக்கு ஆரவாரம். அந்த இடம் வந்தது. திரை நிறையப் புகை. மாரப்பன் விழுந்தார். கொட்டகையில் ஒரு விசில் இல்லை, ஒரு கைதட்டு இல்லை. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு தோட்டக்காரர், தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்களைச் சுட்டவரு, அதா மொத வரிசையில மாலையோட உக்காந்திருக்கறாரே, அவருதானுங்களா?"

என் துப்பாக்கிக்கு எதிரே நின்ற வில்லன்கள் ஒவ்வொருவரும் வேலை முடிந்ததும் என்னிடம் வந்து 'வாரனுங்க' என்று சொல்லிக்கொண்டுதான் போனார்கள்; அதைப் பிடித்துச் சுட்ட வீரர்களில் ஒருவர்கூட இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.